வைதேகி அக்கா ஏழு மணிக்குச் சாப்பிடுவாள்

வத்தக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் வடக்கே, மழை ஓய்ந்தால் ஜனங்கள் சந்தேகப்படும் ஓர் ஊரில், வைதேகி அக்காவின் சமையலறை. அவள் என் பெரியப்பாவின் மகள். நான் துவாக்குடியில் எஞ்சினியரிங் முடித்துவிட்டு, மேற்படிப்பு என்ற பெயரில் அந்த ஊருக்குப் போய், ஞாயிறு தவறாமல் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் சமைப்பாள், நானும் அவள் கணவர் அத்திம்பேரும் சாப்பிடுவோம். அவள் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டு "உப்பு போறாது" என்பாள். அத்துடன் அவள் சாப்பாடு முடிந்தது.

முடிந்தது என்றால் வாய் வழியாக. நான்கு வருடங்களுக்கு முன் அவள் சிறுகுடலுக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்துக்கொண்டது. குடலில் பெரும்பகுதியை டாக்டர்கள் வெட்டி எடுத்துவிட்டார்கள். என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. அதனால் அவளுக்குச் சாப்பாடு ஒரு பையில் வருகிறது. சர்க்கரை, புரதம், கொழுப்பு, உப்பு, வைட்டமின் எல்லாம் கரைத்த பால்நிறத் தண்ணீர். மார்பில் தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாய் நிரந்தரமாக இருக்கிறது. அது நெஞ்சுக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக் குழாய்க்குள் போகிறது; மறுநுனி மட்டும் தோலுக்கு வெளியே. மாலை ஏழு மணிக்குப் பையை அதில் மாட்டுவாள், காலை ஏழு மணிக்குக் கழற்றி மூடி போடுவாள். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள், சைக்கிள் விடுவாள், பஸ் கண்டக்டரோடு சண்டை போடுவாள். அவளை நோயாளி என்று சொன்னவர்கள் அடுத்த நிமிடம் நோயாளி ஆகியிருக்கிறார்கள்.

அன்று குழம்பைக் கிளறியபடி, "மார்கழி வரப் போறது. ஸ்ரீரங்கத்துல இருந்தா எப்படி இருக்கும்!" என்றாள்.

என் கண் மேஜை மேலிருந்த பம்பின் மீது விழுந்தது. பையிலிருந்து திரவத்தை அளந்து தள்ளும் சின்னப் பெட்டி. அதன் முதுகில் பேட்டரிக்கு ஒரு கதவு இருந்தது. பேட்டரி உள்ள எதுவும் ஊருக்குப் போகும் என்பது என் அப்போதைய தத்துவம். "போலாமே" என்றேன்.

அத்திம்பேர் சாதத்தில் கை வைத்தபடியே நிமிர்ந்தார். அவர்கள் இருவருக்கும் ஊரோடு வந்துவிட வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பெரியப்பா போனபின் பெரியம்மா ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறாள். "மூணு வாரம் அங்க ஜுரம் வராம இருந்து காட்டு. நான் வேலையை விட்டுட்டு மூட்டை கட்டறேன்" என்றார்.

ஜுரம்தான் கணக்கு. அந்தக் குழாய் நேராக ரத்தத்துக்குள் போகிறது; நுனியில் ஊசிமுனை அழுக்குப் பட்டாலும் உடம்பெல்லாம் விஷம். அவளுடைய வெள்ளைக்கார டாக்டரும் அதையே சொல்லி, இருபத்தொரு பைகளுக்கு அனுமதி கொடுத்தார். பம்பைப் பார்த்துக்கொள்ள எஞ்சினியர் என்ற முறையில் நானும் கிளம்பினேன். என் தகுதியை யாரும் சோதிக்கவில்லை.

மெட்ராஸ் கஸ்டம்ஸில் ஐஸ் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார்கள். "என்ன சார் இது?"

"இவங்க சாப்பாடு."

அதிகாரி அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், பிளேன்ல சாப்பாடு போடலையா?"

திருச்சி ஜங்ஷனில் ஆட்டோ பிடித்தோம். காவிரிப் பாலம் ஏறும்போது டிரைவர் கண்ணாடி வழியாக எங்களையும் சொட்டிக்கொண்டிருந்த பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. அவர் இறங்கி, பிளக்கைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தபடி குரலைத் தாழ்த்தினார்.

"கோச்சுக்காதீங்க சார். உள்ள மீனுங்களா?"

"இல்லைங்க."

"ஐஸு சொட்டுது. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன், எங்க வீட்டுல நல்லா கொழம்பு வெப்பாங்க. ஆனா கோபுரத்துக்குள்ள என் வண்டியில மீன் போச்சுன்னா நாளைக்கு ஸ்டாண்டுல என்னைய நிக்க விட மாட்டானுங்க."

"மீன் இல்லைங்க, குளுக்கோஸ்" என்றாள் அக்கா.

"அதுக்கா லண்டன் போனீங்க? பெரிய கடைத்தெருவுலயே டப்பாவுல விக்குதே!"

வண்டியை இருவருமாகத் தள்ளினோம். அக்கா பெட்டிகளின் மேல் கால் நீட்டி ராஜாத்தி மாதிரி உட்கார்ந்திருந்தாள். சாரம் கட்டிய கோபுரத்தைத் தாண்டும்போது டிரைவர் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டார். ஓட்டும்போது செய்யத்தக்க காரியம் அல்ல.

இனி பெரியம்மாவைச் சொல்ல வேண்டும். உத்தர வீதியில் மடிக்கு அவளை மிஞ்ச ஆள் கிடையாது. குளித்து, யாரும் தொடாமல் உலர்த்திய புடவையைக் கோலால் கொடியிலிருந்து இழுத்துக் கட்டிக்கொண்டால், அதன்பின் காற்றுகூட அவளை ஒதுங்கித்தான் போக வேண்டும். நாலு வருடம் கழித்துப் பெண் வாசலில் நிற்கிறாள். இவள் இரண்டு கையையும் நீட்டிவிட்டு, அப்படியே நிறுத்திக்கொண்டாள். "ரயில்ல வந்திருக்கே. போய்க் குளிச்சுட்டு வா, கட்டிக்கறேன்."

அடுத்த பிரச்சினை ஃபிரிட்ஜ். பெரியம்மாவின் ஃபிரிட்ஜில் பால், தயிர், பூ மட்டும்தான். சமைத்த சாதம் பட்டால் அது "பத்து"; பத்தும் பாலும் ஒரே தட்டில் இருக்கக் கூடாது.

"இந்தப் பை பத்தா, இல்லையா?" என்று என்னைக் கேட்டாள். துவாக்குடியில் நான்கு வருடத்தில் இந்தக் கேள்வி வரவே இல்லை.

"அடுப்புல வெக்கலை பெரியம்மா. அப்போ பத்து இல்லை."

"வெள்ளையா இருக்கே. பசும்பாலா?"

"சோயாப் பயறு எண்ணெய்."

எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்க அதில் வேறொன்றும் சேர்க்கிறார்கள்; அது முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து எடுப்பது. அறிவியல் ஆர்வத்தில் நான் வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் அறிவியல் பின்வாங்கியது. "பயறுன்னா தோஷமில்லை" என்று பெரியம்மா தன் தயிரை வெளியே எடுத்துவிட்டு, ஃபிரிட்ஜ் முழுவதையும் பைகளுக்கு ஒழித்துக் கொடுத்தாள். கதவில் ஒரு துளசிக் கொத்தும் செருகினாள்.

இரண்டாம் நாள் மின்சாரம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. மாலையில் விளக்கு மஞ்சளாகும், பிறகு திடீரென்று வெள்ளைவெளேரென்று எரியும், பிறகு போய்விடும். இதற்காகவே நான் சொந்தமாக ஒரு ஸ்டெபிலைசர் செய்து வைத்திருந்தேன். முதல் வகுப்பில் தேறியவன் செய்தது. அது பத்து நிமிடம் உழைத்தது. பிறகு புகைந்து, சார்ஜரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போயிற்று.

அக்கா பதறவில்லை. கூடத்து ஊஞ்சலைக் கழற்றச் சொன்னாள். ஊஞ்சல் கொக்கியில் பையைத் தொங்கவிட்டு, சொட்டுகளைக் கடிகாரம் பார்த்து எண்ணி, திருகைச் சரிசெய்தாள். "ஆஸ்பத்திரியில முதல்ல இப்படித்தான் சொல்லிக் கொடுத்தா. புவியீர்ப்புக்குக் கரண்ட் கட் கிடையாதுடா ரகு." என்னோடு வந்த பம்ப் அன்றுமுதல் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்றது. நானும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இங்கிலாந்தில் ஒருவரைச் சந்தித்தால் மழையைப் பற்றிக் கேட்பார்கள். அக்காவுக்கு அது வசதி. மழைக்குப் பதில் சொல்லலாம். ஸ்ரீரங்கத்தில் கேட்பது "சாப்டாச்சா?" என்றுதான். மூன்றாம் நாளிலிருந்து வருகிறவர்கள் கை வெறுமையாக வருவதில்லை. எதிர்வீட்டுக் கோமளா மாமி நெய் மிதக்கும் அக்காரவடிசிலோடு வந்தாள்.

"ஒரே ஒரு வாய்டி. உனக்குன்னு பண்ணினேன்."

"மாமி, எனக்கு ஒட்டாது. வயத்தால போயிடும்."

"அந்த ஊர் சாப்பாடு ஒட்டாது. இது எப்படி ஒட்டாம இருக்கும்?"

அக்கா ஒரு பருக்கையை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். "குங்குமப்பூ கொஞ்சம் தூக்கல்" என்றாள். மாமி அடிபட்டவள்போல் பார்த்தாள். மீதிப் பாத்திரத்தை யார் காலி செய்வது என்பது கேள்வியே இல்லை. அந்த மூன்று வாரத்தில் நான் இரண்டு பேர் சாப்பாடு சாப்பிட்டேன். என் பேண்ட்டுகள் சாட்சி.

ஒரு வாரத்தில் செய்தி வீதி தாண்டிப் போய் உருமாறிற்று. லண்டனிலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள், நாலு வருஷமாக அன்ன ஆகாரம் இல்லை, முகத்தில் தேஜஸ் சொட்டுகிறது. லால்குடிப் பக்கத்திலிருந்து இரண்டு அம்மாள்கள் பஸ் ஏறி வந்து, பத்திரிகை படித்துக்கொண்டிருந்த அக்காவின் காலில் விழுந்தார்கள்.

"எழுந்திருங்கோ, எழுந்திருங்கோ! நான் நன்னா சாப்பிடறவள். சாயங்காலம் ஏழு மணிக்கு வாங்கோ, காட்டறேன்."

அவர்கள் முகம் வாடிவிட்டது. சாப்பிடுகிற பெண்களை லால்குடியிலேயே நிறையப் பார்க்கலாம்.

இதற்குள் ஒரு அதிசயம் நடந்திருந்தது. மடிக்கும் அக்காவின் சுத்தத்துக்கும் உறவு இருப்பதைப் பெரியம்மா கண்டுபிடித்துவிட்டாள். அக்கா கையைத் தேய்த்துக் கழுவி, ஸ்டூலில் சுத்தத் துணி விரித்து, அதன்மேல் ஊசி, மருந்து, புதுமூடி எல்லாம் பரப்பினால், கிட்டே வருகிற எவரையும் பெரியம்மா அதட்டுவாள். "தள்ளி நில்லு! தொடாதே! மூச்சு விடாதே!" இப்படி ஒரு காவலை இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் பார்த்ததில்லை. பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள், ஜுரம் இல்லை. அக்கா தெர்மாமீட்டரை உதறிப் பெட்டியில் போடும்போதெல்லாம் பாதி ஸ்ரீரங்கம் எங்களுக்குச் சொந்தமானதுபோல் இருந்தது. சித்திரை வீதியில் வாடகை வீடு ஒன்றைக்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

வைகுண்ட ஏகாதசி பதினான்காம் நாள் வந்தது. அதற்கு முந்தின நாள் கூடத்தில் ஒரு சதஸ் கூடிற்று. ஊரே நாளை பட்டினி கிடக்கும்போது, வைதேகி பையை மாட்டிக்கொள்ளலாமா? அடுத்த வீட்டுப் பட்டாபி மாமா வடமொழி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தீர்ப்பு அவரிடம் விடப்பட்டது.

"வாயால ருசிச்சு, தொண்டையால இறங்கினாத்தான் போஜனம். இது நேரா ரத்தத்துல போறது. ஔஷதம். ஏகாதசிக்கு பங்கமில்லை."

"அப்படின்னா எனக்கும் ஒண்ணு மாட்டி விடுங்கோ" என்றாள் கோமளா மாமி. "வருஷத்துல இருபத்து நாலு ஏகாதசி வரதே!"

"நீ ருசி பார்க்காம இருப்பியா?"

"கொழுப்பெல்லாம் சேர்த்திருக்காளாமே, மாமா. ஔஷதத்துல கொழுப்பு எதுக்கு?"

மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அக்கா சிரிப்பை அடக்கி, "நாளைக்குச் சர்க்கரைத் தண்ணியைப் போட்டுக்கறேன், போறுமா?" என்றாள். எல்லோருக்கும் திருப்தி.

ஏகாதசி விடியலில் பரமபத வாசல் திறந்தது. பெரியம்மா கூட்டத்தில் நசுங்கி, பெருமாளைச் சேவித்து, சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் தீர்த்தத்தோடு வீட்டுக்கு வந்தபோது ஏழு மணி. அக்கா பையைக் கழற்றத் தயாராகத் துணி விரித்து எல்லாம் பரப்பிவிட்டு, கை கழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். நான் காபிக்குப் பதில் கிடைத்த வெந்நீரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அக்கா வந்தாள், கழற்றினாள், குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து செலுத்தினாள், புதுமூடியைத் திருகினாள். வழக்கம்போல்தான்.

மாலை ஏழு மணிக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஏற ஆரம்பித்துக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். அக்காவின் பற்கள் தந்தி அடித்தன. இரண்டு போர்வை போட்டும் கட்டில் ஆடியது. "நிறுத்துடா" என்றாள். திருகை மூடினேன். தெர்மாமீட்டர் நூற்று மூன்று காட்டியது.

"நான் எல்லாம் சரியாத்தானே பண்ணினேன்..." என்று அவள் காலையிலிருந்து ஒவ்வொன்றாக உரக்க நினைவுபடுத்திக்கொண்டு வந்தாள். கை. துணி. ஊசி. மூடி.

"மூடியில நான் ஒரு சொட்டு தீர்த்தம் விட்டேனே" என்றாள் பெரியம்மா. பெருமையாகத்தான் சொன்னாள். "நீ கை அலம்பப் போயிருந்தே. உள்குழியில ஒரே சொட்டு. மடியாத்தான் விட்டேன், விரல் படலை."

துளசியும் பச்சைக் கற்பூரமும் போட்ட தண்ணீர். ஆயிரம் பேருக்கு நடுவில் தூக்கி வந்தது. காலையிலிருந்து மூடிக்குள் இருந்து, மாலையில் நேராக உள்ளே போயிருக்கிறது.

"பெருமாள் தீர்த்தத்துல என்னடி கிருமி?"

அக்கா நடுக்கத்துக்கிடையில் சொன்னாள்: "பெருமாளுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. அவர் வாயால சாப்பிடறார்."

பாலக்கரையில் ஒரு டாக்டரிடம் வந்த அன்றே சொல்லி வைத்திருந்தோம். அவருடைய சின்ன நர்ஸிங் ஹோமுக்கு ஆட்டோ பறந்தது. மேஜைக்குப் பின்னால் சிலுவை. டாக்டர் குழாயைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "புத்தகத்துல படிச்சிருக்கேங்க. மனுஷங்ககிட்ட இப்பத்தான் பாக்குறேன்" என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. ரத்தம் எடுத்தார். பையை நிறுத்தச் சொல்லி, கையில் சலைன் ஏற்றி, குழாய் வழியே ஆன்டிபயாடிக் கொடுத்தார். "மூணு நாள்ல இறங்கலேன்னா குழாயை எடுத்துடணும். எடுத்தா இங்க புதுசு வெக்க எனக்குத் தெரியாதுங்க. அடுத்த பிளேன்தான்."

பெரியம்மா சுவரோரமாக நின்றாள். எதிலும் படாமல் அல்ல, சாய்ந்துகொண்டு.

டாக்டர் அவளிடம், "எங்க சர்ச்சுலயும் புனிதத் தண்ணி இருக்குங்கம்மா. நெத்தியில வெச்சுக்குவேன். ஊசியில போட மாட்டேன்" என்றார்.

பெரியம்மா தலையை ஆட்டினாள். மூன்று நாளும் கட்டிலருகே இருந்த பெஞ்சிலேயே இருந்தாள். மடிப்புடவை கசங்கி, பக்கத்துக் கட்டில் நோயாளியின் தங்கை கொடுத்த டீயை வாங்கிக் குடித்தாள். அது எந்த டம்ளர் என்று கேட்கவில்லை. ஸ்ரீரங்கத்திலோ வேறு செய்தி: ஏகாதசியன்று வைதேகியின் உடம்பு தானே ஆகாரத்தை மறுத்துவிட்டதாம். லால்குடி அம்மாள்கள் மறுபடி பஸ் ஏறத் தயாராகிவிட்டதாகக் கோமளா மாமி வந்து சொன்னாள்.

மூன்றாம் நாள் மாலை ஜுரம் இறங்கிற்று. குழாய் தப்பியது. நான்காம் நாள் பையை மறுபடி மாட்டினோம், நடுக்கம் இல்லை. என் மூளை சுறுசுறுப்பாயிற்று.

"அத்திம்பேர்கிட்ட சொல்லணுமா என்ன? நன்னாத்தானே ஆயிடுத்து. மூணு வாரம் முடிஞ்சுதுன்னு சொல்லிடலாம்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். கணக்கில் தப்புப் போட்ட பையன்களைப் பார்க்கிற பார்வை. "பொய் சொல்லி இங்க குடிவந்து, ரெண்டாவது தடவை ஜுரத்துல போகவா?"

டிரங்க் கால் போட்டு, அரை நாள் காத்திருந்து பேசினாள். கடல் இரைச்சலுக்கு நடுவே அத்திம்பேரின் குரல் கிணற்றிலிருந்து வந்தது.

"யார் பண்ணினா?"

"அம்மா."

"அப்போ ஊருக்கு வரதை மறந்துட வேண்டியதுதானா?"

"மறக்க மாட்டேன். அடுத்த மார்கழி மூணு மாசம் இருந்து பார்க்கறேன். அதுக்குள்ள அம்மா கத்துக்கணும். எனக்கு முடியாத அன்னிக்கு அம்மாதான் மாட்டணும். அப்பத்தான் இங்க இருக்க முடியும்."

"உங்கம்மா கத்துப்பாளா?"

குறுக்கே எக்ஸ்சேஞ்ச் பெண்ணின் குரல் புகுந்தது. "மூணு நிமிஷம் ஆச்சுங்க, எக்ஸ்டெண்ட் பண்ணவா? அதெல்லாம் கத்துக்குவாங்க சார், பொண்ணுக்குன்னா கத்துக்க மாட்டாங்களா?"

"மூணு மாசம் ஜுரம் வரலேன்னா மூட்டை கட்டறேன்" என்றார் அத்திம்பேர். இதை அவர் மனைவியிடம் சொன்னாரா எக்ஸ்சேஞ்ச் பெண்ணிடமா என்பது தெரியவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் நான் உருப்படியாக ஒரு வேலை செய்தேன். ஒரு பழைய தலையணையில் உபரிக் குழாய் ஒன்றைத் தைத்து, நுனியில் மூடி போட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காவுக்கு எழுதிக் கொடுத்த விதிகளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பெரியம்மா அதைப் படித்துவிட்டு, "இந்த வெள்ளைக்காரி மடி நம்ம மடியை விடக் கடுசா இருக்கே" என்றாள். குரலில் மரியாதை இருந்தது. கூடவே ஒரு போட்டியும்.

முதல் நாள் கையைத் தேய்த்துக் கழுவினாள், துணி விரித்தாள், மூக்குத்தியைச் சரிசெய்துகொண்டாள்.

"கை போச்சு. முதல்லேருந்து" என்றாள் அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடி.

இரண்டாம் தடவை தலைப்பு நழுவிற்று, பிடித்துக்கொண்டாள். "முதல்லேருந்து." மூன்றாம் தடவை எல்லாம் சரியாக வந்து, மூடியைத் திருகும்போது வாய் முணுமுணுத்துத் திருநாமத்தைச் சொல்லிற்று. அக்கா யோசித்தாள். "மனசுக்குள்ள சொல்லிக்கோ. மூடி மேல மூச்சுப் படப்படாது." பெரியம்மா வாயை மூடிக்கொண்டு நான்காவது தடவைக்குக் கை கழுவப் போனாள்.

கோமளா மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, தலகாணிக்கு அன்னப்ராசனமா?" என்றாள்.

"தள்ளி நில்லு" என்றாள் பெரியம்மா, திரும்பாமல்.

புறப்பட்ட நாள் காலையில் பெரியம்மாவின் காலில் அக்கா விழப் போனாள். பெரியம்மா பின்வாங்கவில்லை, பெண் குளித்தாளா என்றும் கேட்கவில்லை. இறுகக் கட்டிக்கொண்டாள். ஆனால் மார்புப் பக்கம் மட்டும் கவனமாக ஒரு விரற்கடை இடம் விட்டிருந்தாள்.

இப்போது ஐப்பசி. அத்திம்பேர் வேலையை விடவில்லை. ஆனால் புது சோபா வாங்குவதை ஒத்திப்போட்டிருக்கிறார். மூன்று மாதத்துக்கான பைகளை இங்கிருந்து தூக்கிப் போக முடியாது. மாதத்துக்கொரு தடவை விமானத்தில் அனுப்ப ஆஸ்பத்திரியோடு பேசிக்கொண்டிருக்கிறோம். மெட்ராஸில் பெட்டிகளை வாங்கி ஐஸ் குறையாமல் ஸ்ரீரங்கம் சேர்ப்பது என் பொறுப்பு. முட்டை விஷயத்தைப் பெரியம்மாவிடம் சொல்வது அக்காவின் பொறுப்பு. பையைக் கையில் எடுக்கப்போகிறவளிடம் ஒளிக்கக் கூடாது என்று அவளே தீர்மானித்திருக்கிறாள். நான் என் பொறுப்பே மேல் என்று நினைக்கிறேன்.

பெரியம்மாவிடமிருந்து வாரம் ஒரு கடிதம் வருகிறது. நேற்று வந்ததில் இப்படி இருந்தது: "தலகாணியை இப்போது கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறேன் என்று எழுத ஆசை. ஆனால் கண்ணை மூடக் கூடாது என்று விதி. இந்த மாதம் ஒரு தடவைகூட முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. பாலக்கரை டாக்டர் வந்து கிட்ட நின்று பார்த்தார். அவரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். மார்கழிக்கு வைதேகியைக் கூட்டிக்கொண்டு வா. முதல் நாள் அவள் மாட்டட்டும். இரண்டாம் நாள் நான் மாட்டுகிறேன்."